சேர்த்த வானொலிக்கு மின்சாரம் எங்கிருந்து? காரில் செயற்கைக்கோள் வானொலியின் மின்னிணைப்பு: ஒரு மதிப்பாய்வு

கேள்வியின் பழமை

தொழிற்சாலையில் பொருத்தப்படாமல் பின்னர் வாங்கிச் சேர்க்கப்படும் வானொலிக்குக் காரின் மின்னமைப்பில் எந்த இடத்திலிருந்து மின்சாரம் எடுப்பது என்ற கேள்வி, அமெரிக்காவில் கார் வானொலி விற்பனைக்கு வந்த காலத்திலேயே எழுந்துவிட்டது. 1930இல் பால் கால்வினின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் வானொலிகளை விற்கத் தொடங்கியபோது, அவற்றின் வெற்றிடக் குழாய்களிலுள்ள இழைகளைச் சூடேற்றக் காரின் 6 வோல்ட் பேட்டரி போதுமானதாக இருந்தது. குழாய்களின் தகட்டுக்கோ மிக உயர்ந்த மின்னழுத்தம் தேவைப்பட்டதால், அதற்கெனத் தனி உலர் பேட்டரிகளைத் தரைப்பலகைக்கு அடியில் வைக்க வேண்டியிருந்தது. பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை இடைவிடாமல் வெட்டி வெட்டி மின்மாற்றிக்குள் செலுத்தி உயர் அழுத்தம் பெறும் ‘வைப்ரேட்டர்’ என்னும் அதிர்வுக் கருவி வந்தபின் அத்தனி பேட்டரிகள் மறைந்தன. 1950களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. அதுவரை பேட்டரியின் நேர்முனையைக் காரின் உலோக உடலோடு இணைத்துவந்த ஃபோர்டு நிறுவனமும் 1956 மாடலில் எதிர்முனையை உடலோடு இணைக்கும் முறைக்கு மாறியது.

இந்த மாற்றங்கள் எல்லாம் எத்தனை வோல்ட், எந்த முனை என்ற கேள்விகளைத் தீர்த்தன. எந்த வயரிலிருந்து, சாவி எந்த நிலையில் இருக்கும்போது, எந்த ஃபியூஸின் காவலில் என்ற கேள்விகள் தீரவில்லை. செயற்கைக்கோள் வானொலி வந்தபோது அவை புதிய சிக்கலுடன் மீண்டும் எழுந்தன.

செயற்கைக்கோள் வானொலியால் வந்த மாற்றம்

அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1997இல் 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை இரண்டாகப் பிரித்து இரு நிறுவனங்களுக்கு ஏலத்தில் அளித்தது. அவற்றுள் எக்ஸ்எம் 2001 செப்டம்பரிலும் சிரியஸ் 2002இலும் சேவையைத் தொடங்கி, 2008இல் சிரியஸ்எக்ஸ்எம் என ஒன்றாக இணைந்தன. புதிய கார்களில் தொழிற்சாலையிலேயே ஏற்பி (ரிசீவர்) பொருத்தப்படும் வழக்கம் பரவச் சில ஆண்டுகள் பிடித்ததால், தொடக்கக் காலச் சந்தாதாரர்களில் பலர் கழற்றி மாட்டும் ஏற்பிகளையே நம்பினர். டெல்ஃபி நிறுவனம் எக்ஸ்எம் சேவைக்காக உருவாக்கிய ‘ஸ்கைஃபை’, அதன்பின் வந்த ‘ரோடி’, சிரியஸ் தரப்பின் ‘ஸ்போர்ட்ஸ்டர்’, ‘ஸ்டார்மேட்’ ஆகியவை இவ்வகையின. ஏற்பி அமரும் தாங்கி டேஷ்போர்டில் நிலையாக இருக்கும். மின்சாரம், ஒலி, ஆன்டெனா ஆகிய மூன்றும் அந்தத் தாங்கியில் வந்து சேரும். ஏற்பியைக் கழற்றி வீட்டிலுள்ள மற்றொரு தாங்கியில் வைத்துக் கேட்கலாம். கூரைமேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஆன்டெனாவுக்குள் ஒரு சிறு பெருக்கி உண்டு. அதற்கான மின்சாரம் ஆன்டெனா வயர் வழியாகவே ஏற்பியிலிருந்து சென்றுவிடுவதால், தனி இணைப்பு வேண்டியதில்லை.

இந்தியாவில் வேர்ல்டுஸ்பேஸ் நிறுவனம் 2009 இறுதிவரை நடத்திய செயற்கைக்கோள் வானொலிச் சேவையில் தமிழுக்கென ‘கேஎல் ரேடியோ’ என்ற அலைவரிசையே இருந்தபோதும், இந்தக் கேள்வி அங்கே பெரிதாக எழவில்லை. கட்டடங்கள் மறைக்கும் இடங்களில் ஒலிபரப்பைத் தொடரச் செய்யும் தரைநிலை மறுபரப்பிகள் இல்லாததால், அச்சேவை பெரும்பாலும் வீட்டு ஜன்னலோரத்திலேயே கேட்கப்பட்டது. வட அமெரிக்காவில் அத்தகைய மறுபரப்பிகள் நகரங்களில் நிறுவப்பட்டிருந்ததால், ஓடும் காரே அச்சேவையின் இயல்பான இடமாயிற்று.

மின்னிணைப்பைப் பொறுத்தவரை இவ்வகை ஏற்பிகளில் இரண்டு தனித்தன்மைகள் உண்டு; பின்வரும் கருத்து வேறுபாடுகளில் பெரும்பகுதி இவ்விரண்டையும் கவனிக்காமல் விடுவதால் எழுவது. முதலாவது, தாங்கிகளில் பல 12 வோல்ட்டில் இயங்குவதில்லை. 5 வோல்ட் அல்லது அதையொட்டிய குறைந்த அழுத்தத்தில் இயங்குகின்றன. அழுத்தத்தைக் குறைக்கும் சுற்று தாங்கிக்குள் இல்லை; சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் அடாப்டரின் தலைக்குள் இருக்கிறது. இரண்டாவது, அந்த அடாப்டரின் வேலை மின்சாரம் தருவதோடு முடிவதில்லை. ஏற்பி தன் ஒலியைச் சிறு எஃப்எம் அலையாக மாற்றிக் காரின் பழைய வானொலிக்கு அனுப்பும் முறையே எளிதானது என்பதால் பரவலாகக் கையாளப்பட்டது. உரிமமின்றி இயங்கும் இத்தகைய சிறு பரப்பிகளின் வலிமை 3 மீட்டர் தொலைவில் மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி. சில ஏற்பிகள் இந்த வரம்பை மீறுவதாக 2006இல் ஆணையம் கண்டறிந்ததை அடுத்து, இரு நிறுவனங்களும் சில மாடல்களை நிறுத்திவைத்துத் திருத்த வேண்டியதாயிற்று. அதன்பின் சிரியஸ்எக்ஸ்எம் ‘பவர்கனெக்ட்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. இதில் எஃப்எம் அலை அடாப்டரின் வழியே காரின் மின்வயர்களில் ஏறி, அவ்வயர்கள் மூலமாகக் காரின் வானொலியை அடைகிறது. இத்தகைய கருவியில் மின்சாரம் வரும் வழியே ஒலி போகும் வழியும் ஆகிவிடுவதால், ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் மாறக்கூடும்.

சாக்கெட்டே போதும் என்ற நிலைப்பாடு

தயாரிப்பாளர்களின் கையேடுகள் பெரும்பாலும் பரிந்துரைப்பது, அடாப்டரைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிவிடுவதையே. சுருட்டுப் பற்றவைக்கும் கம்பிச்சுருளைச் சூடேற்ற அமைக்கப்பட்ட இச்சாக்கெட், பல ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்கும் வயரோடும், வழக்கமாக 10 முதல் 20 ஆம்பியர் வரையிலான ஃபியூஸோடும் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. ஒரு ஆம்பியரையே பெரும்பாலும் எட்டாத ஏற்பிக்கு இது தேவைக்கு மேற்பட்ட வசதி. அதன் அளவுகளை அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே563 என்ற தரநிலை வரையறுக்கிறது. நடு ஊசி நேர்முனை, சுற்றியுள்ள உருளை எதிர்முனை. காரில் எதையும் வெட்டவோ துளைக்கவோ வேண்டியதில்லை என்பதும், குத்தகைக்கு எடுத்த காரைத் திருப்பித் தரும்போது தடயமே இராது என்பதும் இந்த நிலைப்பாட்டின் வலிமைகள்.

இதற்கு எதிரான வாதங்கள் மூன்று வகைப்படும். தொங்கும் வயர் கண்ணுக்கு அழகில்லை என்பது அவற்றுள் மிகுதியாகச் சொல்லப்படுவது. ஆனால் மிகக் குறைந்த எடையுடையதும் அதுதான். அடுத்தது இணைப்பின் உறுதி. பற்றவைப்பான் செருகுவதற்கென வகுக்கப்பட்ட உருளைக்குள் வில்லின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கும் ஊசி, சாலை அதிர்வில் கணநேரம் விலகினாலும் ஏற்பி அணைந்து மீண்டும் தொடங்கும். செயற்கைக்கோள் அலையைத் தேடிப் பிடிக்க அதற்கு மீண்டும் சில நொடிகள் வேண்டும். சாதாரண வானொலியில் கவனத்துக்கே வராத ஒரு சிறு குறை இங்கே பெரிதாகிறது. மூன்றாவது வாதம் காலத்தைப் பற்றியது. சில கார்களில் இச்சாக்கெட் சாவியைத் திருப்பினால் மட்டுமே உயிர் பெறும். வேறு சிலவற்றில் கார் நின்ற பின்னும் உயிரோடு இருக்கும். பின்னதில் ஏற்பி அரை ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு நாளுக்கு 12 ஆம்பியர்-மணி செலவாகும். 50 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு நாளில் ஏறக்குறையப் பாதியாகிவிடும், அதற்குமேல் குளிர்கால இரவொன்றில் எஞ்சின் கிளம்பும் என்பதற்கு உறுதியில்லை. ஏற்பியை அணைத்து வைத்தாலும் அடாப்டருக்குள் உள்ள சுற்று சில மில்லி ஆம்பியர்களை எடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

அடாப்டரை வெட்டுவதா, வைத்துக்கொள்வதா

சாக்கெட்டில் அதிருப்தியுற்றோர் பலர் முதலில் நினைப்பது, செருகியை வெட்டிவிட்டு வயரை நேராகக் காரின் 12 வோல்ட் வயரோடு முறுக்கிவிடலாம் என்பதே. தாங்கிகள் பழுதாவதற்கு இதைவிட உறுதியான வழி இல்லை. அழுத்தத்தைக் குறைக்கும் சுற்று செருகியின் தலைக்குள் இருப்பதை அறியாமல் அதற்குப் பின்னால் வெட்டப்படும்போது, 5 வோல்ட்டை எதிர்பார்க்கும் தாங்கிக்குள் 12 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேலும் பாய்கிறது. வெவ்வேறு மாடல்களின் மின்செருகிகள் ஒரே உருவில் இருந்து வெவ்வேறு அழுத்தங்களைத் தரும் சூழலில், உருவத்தைக் கொண்டு முடிவெடுக்க இயலாது. கருவியின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்ப்பதும் மல்டிமீட்டரால் அளந்து பார்ப்பதுமே நம்பத்தக்க வழிகள்.

அடாப்டரின் தலையைத் திறந்து, உள்ளிருக்கும் சுற்றுப்பலகையை எடுத்து, நடு ஊசிக்கும் உருளைக்கும் சென்ற இடங்களில் வயர்களைப் பற்றவைத்து, பலகையைக் காப்பிட்டு டேஷ்போர்டின் பின்னால் மறைத்துவிடுவது மற்றொரு முறை. மின்னியல் நோக்கில் இது சரியானது. உரிய அழுத்தம் கிடைக்கிறது. ஆனால் செருகியின் முனையில் திருகி மூடப்பட்டிருக்கும் சிறு ஃபியூஸ் இம்முறையில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. வெப்பத்தை வெளியேற்றவும் அதிர்வைத் தாங்கவும் அமைந்த உறையும் இல்லாமற்போகிறது. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் தனிக் கருவியை வாங்கிப் பொருத்துவோரும் உண்டு. அவற்றின் தரம் ஒரே சீராக இல்லை என்பதே இங்குள்ள தடை. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் பேட்டரி இணைப்பு திடீரென விலகினால் ஆல்டர்னேட்டரின் அழுத்தம் கணநேரத்தில் எகிறும். அடக்கப்படாத நிலையில் அது 100 வோல்ட்டை நெருங்கலாம் என்று வாகனத் தரநிலைகள் கணக்கில் கொள்கின்றன. உள்ளேயே அடக்கும் டயோடுகள் கொண்ட ஆல்டர்னேட்டர்களில் அது 35 வோல்ட் அளவில் நின்றுவிடும். எஞ்சினைக் கிளப்பும் கணத்தில் இதற்கு நேர்மாறாக அழுத்தம் 9 வோல்ட்டுக்கும் கீழே சரியலாம். காருக்கென வடிவமைத்த கருவி இவ்விரண்டு எல்லைகளையும் தாங்கியாக வேண்டும். மேசைமேல் 12 வோல்ட் தந்து சோதித்துப் பார்த்ததும் சரியாக இயங்கியது என்பது இதற்குச் சான்றாகாது. யூஎஸ்பி துளையிலிருந்து எடுக்கும் வழி 5 வோல்ட் தாங்கிகளுக்கு அழுத்தத்தில் பொருந்தினாலும், 0.5 ஆம்பியர் மட்டுமே தரும் பழைய யூஎஸ்பி துளைகள் போதாமற்போவதுண்டு.

இந்த விவாதத்தில் போதிய மதிப்புப் பெறாத ஒரு நடுவழி உண்டு. டேஷ்போர்டின் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கூடுதலாக ஒரு லைட்டர் சாக்கெட்டைப் பொருத்தி, அதற்கு உரிய ஃபியூஸோடு மின்சாரம் தந்து, அதில் மூல அடாப்டரை அப்படியே செருகி, கழன்றுவிடாதபடி கட்டிவைப்பதே அது. அழுத்தம், ஃபியூஸ், எஃப்எம் அலைவழி மூன்றும் தயாரிப்பாளர் கருதியபடியே நீடிக்கின்றன. ஏற்பி மாறினால் அடாப்டரை மாற்றிச் செருகினால் போதும். கைத்திறன் காட்ட இடமில்லாததாலோ என்னவோ, இம்முறை திறமையானவர்களின் பரிந்துரைகளில் பின்வரிசையிலேயே நிற்கிறது. பிற வழிகளோடு ஒப்பிட்டால் குறைபாடு மிகக் குறைந்தது இதுவே எனலாம்.

ஃபியூஸ் பெட்டியிலிருந்து எடுத்தல்

நிறுவுநர்களிடையே இன்று மேலோங்கியுள்ள நிலைப்பாடு, ஃபியூஸ் பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு ஃபியூஸின் இடத்தில் இரண்டு ஃபியூஸ்களை ஏந்தும் கிளைத் தாங்கியைச் செருகி, அதிலிருந்து புதிய வயரை இழுப்பது. ஒரு பள்ளத்தில் பழைய ஃபியூஸ், மற்றொன்றில் புதிய கருவிக்கான ஃபியூஸ் என்ற ஏற்பாடு தகட்டு வடிவ ஃபியூஸ்கள் 1970களின் பிற்பகுதியிலிருந்து பரவியதால் எளிதாயிற்று. கண்ணாடிக் குழல் ஃபியூஸ்களின் காலத்தில் வயரின் முனையை ஃபியூஸின் காலோடு சேர்த்து அழுத்திச் செருகும் அபாயமான பழக்கமே இருந்தது.

கிளைத் தாங்கியை எந்தப் பக்கமாகச் செருகுவது என்பது பலர் கவனிக்காத நுட்பம். இரண்டு ஃபியூஸ்களுக்கும் பொதுவான கால் பேட்டரிப் பக்கத்தில் அமைந்தால், இரு சுற்றுகளும் தனித்தனியே மின்சாரம் பெறும். பழைய ஃபியூஸ் பழைய சுமையை மட்டுமே தாங்கும். திருப்பிச் செருகினால் புதிய கருவியின் மின்னோட்டமும் முதலில் பழைய ஃபியூஸைக் கடந்தே வரும். இரண்டு நிலையிலும் கருவி இயங்கும் என்பதால் தவறு வெளியே தெரியாது. பழைய ஃபியூஸின் அளவுக்கும் பழைய சுமைக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் மட்டுமே, காரணம் புரியாமல் ஒருநாள் அது எரியும். பழைய ஃபியூஸை எடுத்துவிட்டு எந்தக் காலில் 12 வோல்ட் இருக்கிறது என்று அளந்தால் இச்சிக்கல் தீர்ந்துவிடும்.

ஃபியூஸின் அளவைப் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. கருவியைக் காப்பதற்காகவே ஃபியூஸ் என்று கருதுவோர் கருவியின் தேவையை ஒட்டிய சிறிய எண்ணைச் சொல்வர். ஆனால் வாகன மின்னியலில் ஃபியூஸின் முதற்கடமை வயரைக் காப்பது; வயர் தாங்கக்கூடியதற்குக் கீழே, கருவிக்குத் தேவையானதற்கு மேலே எந்த எண்ணும் ஏற்கத்தக்கது. அமெரிக்க வயர் அளவுமுறையில் எண் கூடக்கூட வயர் மெலியும். ஏற்பிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 18 எண் வயர் ஏறத்தாழ 0.8 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு உடையது. அதற்கு 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் இரு தரப்பு வாதமும் நிறைவேறுகிறது என்பதால், இந்த வேறுபாடு நடைமுறையில் பெரிய விளைவை உண்டாக்குவதில்லை.

எந்தச் சுற்றைத் தேர்ந்தெடுப்பது என்பதே உண்மையான சிக்கல். ஜெர்மனியின் டிஐஎன் 72552 தரநிலை வாகன இணைப்புகளுக்கு எண்கள் தருகிறது: எப்போதும் உயிரோடு இருப்பது 30, இக்னிஷன் திறந்திருக்கும்போது உயிர் பெறுவது 15, சாவியைத் துணைக்கருவி நிலைக்குத் திருப்பினாலே உயிர் பெறுவது 75, உடலோடு இணைந்தது 31. அமெரிக்கக் கார்களில் இவ்வெண்கள் பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை என்றாலும் பாகுபாடு அதுவே. வானொலிக்கு உரியது துணைக்கருவிச் சுற்று என்பதில் ஒருமித்த கருத்து உண்டு. எஞ்சினைக் கிளப்பும் கணத்தில் இச்சுற்று அறுந்து மீளும் என்பதையும், அப்போது ஏற்பி அணைந்து மீண்டும் அலையைத் தேடும் என்பதையும் சிறு விலையாக ஏற்க வேண்டியிருக்கிறது. காற்றுப்பை, பிரேக், எஞ்சின் கட்டுப்பாடு ஆகியவற்றின் சுற்றுகளைத் தொடக் கூடாது என்பதிலும் மாற்றுக் கருத்து இல்லை. காற்றுப்பை வயர்களுக்கு மஞ்சள் உறையோ மஞ்சள் இணைப்பியோ இடுவது வழக்கம். இழை பல்பு கொண்ட சோதனை விளக்கால் வயர்களைக் குத்திப் பார்ப்பது, அது தானே கணிசமான மின்னோட்டத்தை இழுப்பதால், இத்தகைய சுற்றுகளில் ஆபத்தானது.

காரின் வானொலிக்குப் பின்னால்

டேஷ்போர்டைப் பிரித்துக் காரின் வானொலிக்கு வரும் வயர்க்கட்டிலிருந்தே எடுப்பது பழைய நிறுவுநர்கள் விரும்பும் வழி. ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் ஐஎஸ்ஓ 10487 தரநிலை இணைப்பியின் 4ஆம் ஊசியில் நிரந்தர மின்சாரமும், 7இல் சாவிவழி மின்சாரமும், 8இல் எர்த்தும் அமைவது வழக்கம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சில கார்களில் 4உம் 7உம் இடம் மாறியிருப்பது பலரையும் தடுமாறச் செய்த விதிவிலக்கு. அமெரிக்கச் சந்தையில் தனியாக விற்கும் வானொலிகளின் வயர்க்கட்டுகளில் மஞ்சள் நிரந்தர மின்சாரம், சிவப்பு சாவிவழி மின்சாரம், கறுப்பு எர்த் என்ற நிற மரபு நிலைத்துவிட்டது. கார் தயாரிப்பாளர்களின் வயர்கள் இந்த மரபைப் பின்பற்றுவதில்லை என்பதால், நிறத்தை மட்டும் நம்பிக் காரின் வயரை வெட்டுவது கூடாது.

இவ்வழிக்கு ஆதரவான வலுவான வாதம், வானொலியும் ஏற்பியும் ஒரே மின்வழியையும் ஒரே எர்த்தையும் பகிர்வதால் இரைச்சல் குறைவு என்பது. இதன் பலவீனம் புதிய கார்களில்தான் வெளிப்பட்டது. 2000களில் ஜெனரல் மோட்டார்ஸின் பல மாடல்களில் வானொலியின் பின்னால் சாவிவழி மின்சாரம் தரும் வயரே இல்லை. நிரந்தர மின்சாரம் மட்டும் வரும். எப்போது எழ வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்பதைத் தரவு வயர் வழியே கார் வானொலிக்குச் சொல்லும். சிவப்பு வயரைத் தேடிய நிறுவுநர், அத்தரவைப் படித்து 12 வோல்ட் தரும் இடைமுகக் கருவியை வாங்க வேண்டியவரானார். சாவியை எடுத்த பின்னும் கதவு திறக்கும்வரை அல்லது ஏறத்தாழ பத்து நிமிடம்வரை துணைக்கருவிகளை உயிரோடு வைக்கும் ஏற்பாடும் இக்கார்களில் வந்ததால், ‘சாவிவழி’ என்பதன் பொருளே மாடலுக்கு மாடல் வேறுபடத் தொடங்கியது.

சிரியஸ்எக்ஸ்எம்மின் ‘எஸ்எக்ஸ்வி’ வரிசை ட்யூனர்களில், அச்சேவைக்கென இணைப்பி கொண்ட வானொலியே தரவு வயர் வழியாக மின்சாரமும் தந்துவிடுகிறது. கேள்வியைத் தீர்க்காமல் இல்லாமற்செய்துவிடும் இவ்வழிக்குக் காரின் வானொலியையே மாற்றும் செலவு விலையாகிறது.

பேட்டரியிலிருந்து நேரடி வயர்

பெரிய ஒலிப்பெருக்கிகளைப் பொருத்துவோரின் பழக்கத்திலிருந்து வந்த இந்நிலைப்பாடு, ஏற்பிக்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. நீண்ட வயரில் அழுத்தம் குறையும் என்ற அச்சமே இதன் அடிப்படை. 18 எண் வயரின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.021 ஓம், 3 மீட்டர் தூரத்தில் ஒரு ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.06 வோல்ட்டைச் சற்றே தாண்டும். அதைவிட மெல்லிய 22 எண் வயரிலும் 0.16 வோல்ட்தான். 9 வோல்ட் முதல் தாங்கும் அடாப்டருக்கு இது பொருட்டே அல்ல. எப்போதும் உயிரோடு இருக்கும் வயரைச் சாவியோடு இணைக்கத் தனி ரிலேயும், பேட்டரிக்கு மிக அருகில் தனி ஃபியூஸும் தேவைப்படும்போது செலவும் தவறும் வாய்ப்பும் கூடுகின்றன. எஞ்சின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் இன்றி இழுத்த வயர், உரசி உரசிக் காப்பு கிழிந்து உடலோடு தொட்டால், ஃபியூஸ் இல்லாத நிலையில் தீப்பிடிக்கும்.

எர்த்தும் இரைச்சலும்

நேர்வயரைப் பற்றி எழுதப்படுவதில் பாதியளவுகூட எர்த்தைப் பற்றி எழுதப்படுவதில்லை. ஆனால் நன்றாகப் பொருத்திய பிறகும் வரும் குறைகளில் பல அங்கிருந்தே கிளம்புகின்றன. ஏற்பியும் காரின் வானொலியும் உடலின் வெவ்வேறு இடங்களில் எர்த் பெற்று, அவற்றிடையே ஒலிவயரும் ஓடினால், உடலின் இரு புள்ளிகளுக்கு இடையிலான சிறு அழுத்த வேறுபாடு ஒலிவயர் வழியே மின்னோட்டமாகிறது. எஞ்சின் வேகத்தோடு சுருதி உயரும் ஊளை ஒலி இதன் அடையாளம். ஆல்டர்னேட்டரின் அதிர்வே அதில் கேட்கிறது. காரின் வானொலி எர்த் பெறும் இடத்திலேயே ஏற்பிக்கும் எர்த் தருவது ஒரு தரப்பின் தீர்வு. மிக அருகிலுள்ள உடல் உலோகத்தில் வண்ணப்பூச்சைச் சுரண்டி இறுக்குவதே போதும் என்பது மற்றொரு தரப்பு. ஒலிவயர் இல்லாமல் எஃப்எம் வழியே கேட்போருக்கு இது பெரும்பாலும் சரியே. இருக்கைப் பட்டை, காற்றுப்பை ஆகியவற்றின் போல்ட்டுகளை எர்த்துக்குப் பயன்படுத்தலாகாது. ஒலிவயரின் நடுவே சிறு மின்மாற்றி கொண்ட பிரிப்பானைச் சேர்த்து ஊளையை நிறுத்துவோர் உண்டு. அது பயன் தரும். ஆனால் மலிவான பிரிப்பான்கள் தாழ்ந்த ஒலிகளையும் மெலியச் செய்வதால், மூல காரணத்தைத் தீர்த்தபின் எஞ்சுவதற்கான மருந்தாகவே அதைக் கருத வேண்டும்.

பேட்டரியின் எதிர்முனையிலேயே நேராக எர்த் தருவது நல்லது என்ற பழைய அறிவுரை, அம்முனையில் மின்னோட்டம் அளக்கும் உணரி பொருத்திய கார்களில் தவறாகிவிடுகிறது. உணரியைத் தாண்டிச் செல்லும் மின்னோட்டத்தைக் கார் கணக்கிலெடுக்காததால், பேட்டரியின் நிலையை அது தவறாக மதிப்பிடும்.

வயர்களை எப்படி இணைப்பது என்பதில் பற்றவைப்பா, அழுத்து இணைப்பா என்ற நெடுநாள் சண்டை உண்டு. இரண்டும் ஒழுங்காகச் செய்தால் நிற்கும், ஒழுங்கின்றிச் செய்தால் நில்லா. காப்பைக் கத்தியால் கிழித்து வயரைக் கவ்வும் விரைவு இணைப்பிகள் மட்டும், நுண்கம்பிகளில் சிலவற்றை அறுத்துவிடக்கூடியவை என்பதாலும் ஈரம் புகுந்தால் அரிப்புக்கு இடந்தருபவை என்பதாலும், இரு தரப்பாலும் ஐயத்துடனேயே பார்க்கப்படுகின்றன.

முடிவுறாத பகுதிகள்

சாவிவழி மின்சாரம் தெளிவாகக் கிடைக்கும் பழைய கார்களைப் பொறுத்தவரை விவாதம் பெருமளவு அடங்கிவிட்டது எனலாம்: துணைக்கருவிச் சுற்றின் ஃபியூஸிலிருந்து எடுத்து, தயாரிப்பாளரின் அடாப்டரைக் கைவிடாமல், வானொலியின் எர்த்தைப் பகிர்வதற்கு வலுவான மறுப்பு இல்லை. உத்தரவாதம் பறிபோகும் என்ற அச்சத்துக்கும் அமெரிக்கச் சட்டத்தில் ஓரளவு பதில் உண்டு. 1975ஆம் ஆண்டின் மேக்னஸன்–மாஸ் சட்டத்தின்படி, வேறொருவர் தயாரித்த பொருளைச் சேர்த்ததை மட்டுமே காரணமாகக் காட்டி உத்தரவாதத்தை மறுக்க இயலாது. அப்பொருளோ அதைப் பொருத்திய முறையோ சேதத்தை உண்டாக்கியிருந்தால் அச்சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது. எது எதை உண்டாக்கியது என்ற தகராறு இதனால் முடிந்துவிடுவதில்லை.

எஃப்எம் அலையை மின்வயரில் ஏற்றும் அடாப்டர்கள், மூலச் சாக்கெட்டிலிருந்து வேறிடத்துக்கு மாற்றப்படும்போது எவ்வளவு வலிமை இழக்கின்றன அல்லது பெறுகின்றன என்பதில் நிறுவுநர்களின் கூற்றுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. வயரின் நீளமும் போக்கும், ஆன்டெனா கூரையில் உள்ளதா கண்ணாடியில் உள்ளதா என்பதும் காருக்குக் கார் வேறுபடுவதால், ஒரு காரில் கண்டதை மற்றொன்றுக்கு விதியாக்க இயலவில்லை.

உறங்கும் காரின் கேள்வி இன்னும் கடினமானது. நின்ற காரில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும் கசிவு ஏற்கத்தக்கது என்ற பழைய அளவுகோல், பல கணினிகள் ஒவ்வொன்றாக உறங்கச் செல்லும் கார்களுக்கு நேராகப் பொருந்துவதில்லை. அவை முழுதும் உறங்குவதற்கு முன் அளந்தால் கசிவு மிகையாகத் தெரியும். அளவி வைக்கும்போது கதவைத் திறந்ததே அவற்றை மீண்டும் எழுப்பியிருக்கக்கூடும். சேர்த்த வானொலி எடுக்கும் சில மில்லி ஆம்பியர்கள் தம்மளவில் அற்பமாயினும், அவை ஒரு கணினியை உறங்கவிடாமல் வைத்திருந்தால் இழப்பு பன்மடங்காகும். மின்கார்களில் இது மேலும் கூர்மையடைகிறது. பெரிய பேட்டரி எவ்வளவு ஆற்றல் வைத்திருந்தாலும், வானொலி நம்பியிருப்பது அதிலிருந்து அவ்வப்போது நிரப்பப்படும் சிறிய துணைப் பேட்டரியையே. டெஸ்லா 2021 முதல் அத்துணைப் பேட்டரியை ஏறத்தாழ 15.5 வோல்ட் லித்தியம் வகைக்கு மாற்றத் தொடங்கி, சைபர்டிரக்கில் துணைமின்னமைப்பையே 48 வோல்ட்டுக்கு உயர்த்தியது. 12 வோல்ட்டைக் கருதி வடிவமைத்த அடாப்டர்களில் எவை 15.5 வோல்ட்டில் நெடுநாள் நிற்கும் என்பதும், 48 வோல்ட் காரில் சேர்த்த கருவிக்கான 12 வோல்ட்டைத் தயாரிப்பாளர் சாக்கெட் தந்திருந்தால் அதைத் தவிர வேறெங்கிருந்து எடுக்கலாம் என்பதும் இன்று விவாதிக்கப்படும் கேள்விகள். நெடுங்காலமாகத் தாழ்வாக மதிக்கப்பட்டுவந்த லைட்டர் சாக்கெட்டே, அது தரப்படும் அவ்வகைக் கார்களில் நிறுவுநர் பாதுகாப்பாகத் தொடக்கூடிய ஒரே இடமாக எஞ்சக்கூடும்.